கையடக்கக் கணிப்பொறி

அறிவியலின் விரைந்த வளர்ச்சியை உணர்த்தக் கணிப்பொறியின் வரலாறு ஒன்றே போதும். 1946ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பெற்ற ‘எனியாக்’ என்னும் கணிப்பொறி, பெரியதோர் அறையை அடைத்து நின்றது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் அதனுள் இருந்தன. இந்திய நாட்டின் முதற் கணிப்பொறி 1955ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுவப்பெற்றது. அறிஞர் சிலர்க்கே அன்று எட்டிய அக்கருவிகளினும் பன்மடங்கு ஆற்றல் மிக்கதொன்று, இன்று உழைப்பாளியின் சட்டைப்பையில் உறைகின்றது. அதுவே திறன்பேசி.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரவும் பகலும் முறைவைத்து உழைப்போர் பலர். அவர்தம் இல்லங்களில் கணிப்பொறி இல்லாதிருக்கலாம். திறன்பேசி இல்லாத இல்லம் அரிது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் இம்மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கப்பெற்றது. ஏழை மாணவர் பலர் கணிப்பொறியை முதன்முதல் தொட்டறிந்தது அத்திட்டத்தால்தான். பின்னர், 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசியே பலர்க்கு வகுப்பறையாயிற்று. ஆயினும் சிறு திரையில் பாடம் கேட்கலாமேயன்றி, நெடிய கட்டுரை எழுதுதலும் கணக்குகளை அட்டவணைப்படுத்துதலும் எளியவல்ல. கண் சோரும், விரல் தடுமாறும்.

இக்குறையை நீக்கும் வழி யாது? கணிப்பொறியின் உள்ளுறுப்புகளாகிய செயலியும் நினைவகமும் திறன்பேசியிலும் உள்ளன. இல்லாதவை மூன்றே: அகன்ற திரை, விசைப்பலகை, சுட்டி. இம்மூன்றையும் இணைத்துவிட்டால் திறன்பேசியே மேசைக் கணிப்பொறியாகின்றது. 2011ஆம் ஆண்டில் மோட்டோரோலா நிறுவனமும், 2015ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் இம்முயற்சியில் இறங்கின, அவை நிலைக்கவில்லை. 2017ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் ‘டெக்ஸ்’ என்னும் பெயரால் கொணர்ந்த முறை வேரூன்றியது.

இணைப்பு நிகழும் விதம் அறியத்தக்கது. திறன்பேசியின் அடியில் நீள்வட்ட வடிவான ‘யு.எஸ்.பி.-சி’ துளை ஒன்றுண்டு. அச்சிறு துளைக்குள் 24 தொடுமுனைகள் உள்ளன. மின்னூட்டம் பெறுதற்கும் செய்திகளை அனுப்புதற்கும் அவை பயன்படுகின்றன. சில திறன்பேசிகளில் அவற்றுட் சில, படத்தைச் சுமந்து செல்லும் பணியையும் ஏற்கின்றன. பல துளைகளையுடைய இணைப்பான் ஒன்றை அதிற் செருகி, தொலைக்காட்சியின் ‘எச்.டி.எம்.ஐ.’ துளையோடு இணைத்தால், படம் அகன்ற திரையில் தோன்றும். விசைப்பலகையும் சுட்டியும் அவ்விணைப்பானிலேயே பொருந்தும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். துளையின் வடிவம் ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றன்று. விலை குறைந்த திறன்பேசிகள் பலவற்றில் படத்தை வெளியே அனுப்பும் வசதி இல்லை. அதனை அறியாது இணைப்பான் வாங்குவோர், அரும்பாடுபட்டு ஈட்டிய பொருளை இழப்பர். கருவியின் விவரக் குறிப்பில் அவ்வசதி கூறப்பட்டுள்ளதா என்று முதலிற் காண்க. 2006ஆம் ஆண்டு முதல் அரசு வழங்கிய பழைய குழல் தொலைக்காட்சிகளில் ‘எச்.டி.எம்.ஐ.’ துளை இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. படம் அனுப்ப இயலாத திறன்பேசியும் பெரும்பாலும் விசைப்பலகையை ஏற்கும். அதனை மட்டும் வாங்கினாலும் எழுதும் பணி எளிதாகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மேசைக் கணிப்பொறிக்கென்றே எழுதப்பெற்ற பொறியியல் வரைபடச் செயலிகள் பல இதில் இயங்கா. நெடுநேரம் உழைத்தால் கருவி சூடேறும். தந்தை முறைப்பணிக்குச் செல்லும்போது திறன்பேசியும் உடன் செல்லும். மகளின் பாதிக் கட்டுரையும் அதனோடு செல்லும். கருவி தொலைந்தாலோ பேச்சும் படிப்பும் ஒருங்கே தொலையும். ஆதலின் எழுதியவற்றின் படி ஒன்றைப் பிறிதோரிடத்துச் சேமித்து வைத்தல் இன்றியமையாதது. ஒரே கருவி இருவர்க்கு வேண்டியிருப்பின், நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கும் வேண்டும்.

கருவி இல்லை என்று கல்வியைக் கைவிடுதல் தகாது. கருவி உண்டு என்று வீணே பொழுது போக்குதலும் தகாது. கையிலுள்ள பொருளின் முழுப்பயனையும் ஆராய்ந்து கொள்பவனே அறிவுடையோன். விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் பயன்படும் அச்சிறு பெட்டி, விண்ணப்பம் எழுதவும் கணக்குப் பயிலவும் தொழில் கற்கவும் உதவுமாயின், எளியோர் இல்லத்திலும் அறிவின் வாயில் திறக்கும்.