செம்பனுடன் ஒரு செலவு

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுதலைப் பண்டைத் தமிழர் 'செலவு' என்றனர். இன்று அச்சொல் பெரும்பாலும் பணம் கழிவதையே குறிக்கின்றது. அக்காலத்தில் பாணர் தம் சுற்றத்தோடு சென்றனர்; வணிகர் சாத்து எனப்படும் கூட்டமாகச் சென்றனர். தனியே செல்வோர் சிலரே. தனியே செல்லும் ஒருவனுக்கு வாய் பேசாத உயிர் ஒன்று துணையாக வாய்க்குமாயின், அச்செலவின் இயல்பே வேறாகிவிடுகின்றது.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் ஐம்பத்தெட்டாம் அகவையில், இத்தகைய செலவொன்றை மேற்கொண்டார். சிறிய வீடு போன்ற அறை பொருத்திய ஒரு வண்டியும், சார்லி என்னும் கிழநாயுமே அவருக்குத் துணை. ஏறத்தாழப் பத்தாயிரம் மைல் சுற்றினார். பிறந்த மண்ணுக்குச் சென்று உடன்பிறந்தாரைக் கண்டபோது, தேர்தலைப் பற்றிய பூசலே மிகுந்தது என்று எழுதுகின்றார். இடையில் நாய் நோயுற்றது. அதன் பொருட்டுப் பயணமும் தடைப்பட்டது. அந்நூல் வெளிவந்த 1962ஆம் ஆண்டிலேயே அவர் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய மனைவியார் பல நாள் உடனிருந்தார் என்று பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர். நூலில் காணும் அளவு தனிமை வாழ்வில் இல்லை போலும்! ஆயினும் நாய் உடனிருந்தது மெய்.

என் செலவு அத்துணை நெடியதன்று. நான் வாழ்வது திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர். என் தமக்கையார் வாழ்வது தேனி மாவட்டத்து மலையடிவார ஊராகிய கோம்பை. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கோம்பை என்றவுடன் நாய்களை அறிந்தோர் அவ்வூரின் பெயர் தாங்கிய நாயினத்தை நினைவுகூர்வர். செந்நிற மேனியும் கருத்த முகவாயும் உடைய அவ்வினம் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்றது. பதினோராண்டுகட்கு முன் தமக்கையார் தம் மடியில் வைத்துப் பால் புகட்டி வளர்த்து, என்னிடம் தந்த குட்டியே செம்பன்.

சென்ற பங்குனியில் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். கண்புரை முற்றிப் பார்வை பெரிதும் மங்கிவிட்டது என்றும், அடுத்த திங்களில் அறுவை மருத்துவம் என்றும் கூறினார். "தம்பி, நீ மட்டும் வந்து நிற்காதே; செம்பனையும் அழைத்து வா. இருவருக்கும் வயதாகிறது" என்றார். இருவர் என்று அவர் யாரைச் சுட்டினார் என்பதை நான் வினவவில்லை. பேருந்தில் நாயை ஏற்ற நடத்துநர் இசையார். ஆதலின் என் பழைய காரை நானே செலுத்திச் செல்வதெனத் துணிந்தேன்.

வியாழக்கிழமையைத் தவிர்த்தேன். அன்று எங்களூரில் ஆட்டுச்சந்தை கூடும். அவ்வளவு ஆடுகளையும் சேவல்களையும் கண்டால் செம்பன் அமைதியாயிரான். வெள்ளிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். வயிறு நிறைய உண்ட நாய் வண்டியில் வாந்தியெடுக்குமாதலால், முன்னிரவே சிறிது சோறிட்டு நிறுத்திக்கொண்டேன். பின்னிருக்கையில் மார்ப்பட்டை பூட்டி அமர்த்தினேன். நெடுஞ்சாலையோரத்து வண்டிக் கருப்பணசாமி கோவிலில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி வழிபட்டுச் செல்வது வழக்கம், நானும் நிறுத்தினேன். எங்களூரைச் சூழ்ந்த காடுகளில் தேவாங்கு என்னும் இரவு விலங்கு வாழ்கின்றது. அதனைக் காக்கவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டர் காட்டினைத் தமிழக அரசு 2022இல் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத அவ்வுயிரின் மணம் செம்பனுக்கு எட்டியதோ என்னவோ, இருண்ட மலையை நோக்கி நெடுநேரம் மூக்கை உயர்த்தி நின்றான்.

வடமதுரையைக் கடந்து திண்டுக்கல்லை அடைந்தபோது, கோட்டை தாங்கிய பாறை இளவெயிலில் சிவந்திருந்தது. அங்கே நிற்கவில்லை. நாய்க்கு ஒன்றரை மணிக்கொரு முறை இறங்கி நடத்தல் வேண்டும். அவ்வேளை வத்தலக்குண்டில் வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பேருந்தில் உறங்கியவாறே நான் கடந்த ஊர் அது. 'கமலாம்பாள் சரித்திரம்' இயற்றிய பி. ஆர். ராஜமையர் 1872இலும், விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1884இலும் பிறந்தது அவ்வூரிலேயே. வகுப்பில் எத்தனையோ முறை அவர்தம் பெயர்களை உரைத்த நான், அவ்வூர்த் தெருவில் கால் வைத்தது செம்பனின் தேவையால்தான். அதன்பின் சாலை மேற்கு நோக்கிச் செல்ல, கொடைக்கானல் மலைத்தொடர் வலப்புறத்தே எங்களுடன் வந்தது.

பெரியகுளத்தில் என் மைத்துனர் இல்லம். காலை பத்து மணிக்கே வெயில் சுட்டது. "அத்தான், கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டு வாருங்கள். நாய் காரிலேயே கிடக்கட்டும். வீட்டுக்குள் நாயை விடும் வழக்கம் எங்களுக்கு இல்லை" என்றார் அவர். அவ்வழக்கத்தை நான் குறை கூறேன். ஆனால் காரில் விட்டுச் செல்ல இசையவில்லை.

மாணாக்கர் இதனைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் அரை மணிக்குள் பதினைந்து பாகைக்கு மேலும் உயரக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்குவதால் அது குறைவதில்லை. நம்மைப் போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை; நாவை நீட்டி இளைத்தே அது தன் வெப்பத்தைத் தணிக்கின்றது. சூழ்ந்த காற்றே கொதிக்குமாயின் இளைப்பும் உதவாது. அதன் உடல்வெப்பம் இயல்பில் 38 அல்லது 39 பாகை. 41ஐக் கடப்பின் உயிருக்கே இடர். வண்டியில் நடைபெறும் துன்பத்தைச் சட்டமும் நோக்காமலில்லை. 1950களில் மாநிலங்களவையில் இதற்கென மசோதா கொண்டுவந்தவர், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். பின்னர் 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வேண்டாத துன்பம் விளையுமாறு ஒரு விலங்கை வண்டியில் கொண்டுசெல்லுதல் அதன்படி குற்றமாகும்.

இவற்றையெல்லாம் மைத்துனரிடம் நான் விரித்துரைக்கவில்லை. உறவினர் வீட்டு வாயில் வகுப்பறையன்று. "நான் இம்மாமர நிழலிலேயே உண்கின்றேன்" என்று மட்டும் கூறிச் செம்பனுடன் அமர்ந்தேன். அவர் முகம் வாடியது. வந்த விருந்தினன் வெளியே உண்பதா என்று உள்ளே பேச்செழுந்தது. சிறிது நேரத்தில் அவரே இரண்டு இலைகளையும் ஒரு பானை நீரையும் கொண்டுவந்து, என்னெதிரே மண்தரையில் அமர்ந்தார். உண்டு முடிக்குமுன் ஒரு தோசைத் துண்டு செம்பனின் முன் வீழ்ந்தது. அதனை இட்டது என் கையன்று.

புறப்படுமுன் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஏழு விநாடி பொறுக்க இயலவில்லை. கை பொறுக்காத தரையில் நாயின் அடிப்பாதமும் வெந்துவிடும். ஆகவே அவனை மண்ணோரமாகவே நடத்திச் சென்று வண்டியில் ஏற்றினேன். தேனியைக் கடந்தபின் வெக்கை சற்றே தணிந்தது. முல்லைப் பெரியாற்று அணை 1895இல் முடிவுற்றது முதல், மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் மலையைக் குடைந்த வழியாக இப்பள்ளத்தாக்கிற்கு வருகின்றது. சாலையின் இருமருங்கும் வயலும் தென்னையும் வாழையுமாய் இருந்தன. சின்னமனூருக்கு அப்பால் ஒரு வாய்க்காலில் செம்பன் இறங்கி, வயிறு நனையும் வரை நின்றான். எழுவதற்கு அவனுக்கு மனமில்லை, எனக்கும் விரைவில்லை.

கோம்பையை அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது. தமக்கையார் திண்ணையில் தூணைப் பற்றி நின்றார். என் குரலைக் கேட்குமுன்னரே செம்பனின் மூச்சொலியை அறிந்து கீழே குனிந்தார். நெற்றி, காது, முகவாய் என ஒவ்வொன்றாகத் தடவினார்.

"தம்பி, இவன் முகவாய் கறுப்பாக இருக்குமே, இப்போது எப்படி?"

"நரைத்துவிட்டது அக்கா."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

அவர் நகைத்தார். செம்பன் அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டான். நீர் வைத்த கலத்தையும் அங்கே கொண்டுசென்றே வைக்க நேர்ந்தது. வெயில் தாழ்ந்தபின் மலையடிவாரம் வரை நடந்துவரலாம் என்றார் தமக்கையார். வீட்டார் தடுத்தும் அவர் கேட்கவில்லை. ஒரு கையால் என் தோளையும், மறு கையால் செம்பனின் கயிற்றையும் பற்றியவாறு மெல்ல நடந்தார். மேடு பள்ளம் வந்த இடந்தோறும் செம்பன் நின்று நின்று சென்றான்.