உன் சிலையின் நிழல் எங்கே விழுகிறது?

அன்புத் தம்பி,

ஒளி, நிழல், காலம் என்று பொருள் வைத்து நண்பர்கள் சேர்ந்து நடத்தப்போகும் சிற்பக் காட்சியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. உன் செப்புச் சிலைக்கு மூலையில் இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்ற வருத்தமும் கடிதத்தில் தெரிகிறது. இடத்துக்காக வாதாடுவதற்கு முன் வெளிச்சத்தைப் பற்றி யோசி. கூடத்தில் இடத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம், வெளிச்சத்தைப் பிரிக்க முடியாது. உன் விளக்கு பக்கத்துச் சிலைமேலும் படும். உன் சிலையின் நிழல் அடுத்தவர் பீடத்தில் ஏறும்.

ஒருநாள் மாமல்லபுரம் போய், அர்ச்சுனன் தபசு முன்னால் மட்டும் காலை முழுக்க உட்கார். கிழக்குப் பார்த்த பாறை அது. விடிந்த கையோடு வெயில் நேர் எதிரே வந்து விழும். யானை, தேவர், நாகர் எல்லாமே தெளிவாகத் தெரியும், ஆனால் தட்டையாக. பொழுது ஏற ஏற வெளிச்சம் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது, எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் மார்பை மட்டும் பார்த்துக்கொண்டிரு. விலா எலும்புகளுக்கு நடுவே நிழல் வரிவரியாகத் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துவரும். அந்த வயிறு இன்னும் ஒட்டிப்போனது போலத் தோன்றும். உச்சி சாய்ந்ததும் பாறை முழுவதும் தன் நிழலுக்குள்ளேயே போய்விடும். உளி பாதி வேலை செய்ய, மீதியைப் பதின்மூன்று நூற்றாண்டுகளாக வெயில் செய்துகொண்டிருக்கிறது. இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

காட்சிக் கூடத்தில் அந்த வெயில் கிடையாது. எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஸ்பாட் லைட் போடுவார்கள். ஒரு விளக்கின் நிழலில் மற்ற விளக்கு புகுந்து இரண்டு நிழலையும் வெளிறச் செய்துவிடும். உனக்கு ஒரே விளக்கு போதும் என்று சொல். சின்ன பல்பாக இருந்தால் நிழலின் ஓரம் கூராக விழும்; டியூப் லைட்டில் அது கரைந்துவிடும். சிலையைச் சுவரிலிருந்து தள்ளி, விளக்குக்குப் பக்கமாகக் கொண்டுவர நிழல் பெருத்துக்கொண்டே போகும். உன் மூலையில் இரண்டு சுவர் கூடுகின்றன. நிழல் மடிந்து ஏற அதைவிட நல்ல இடம் நடுக்கூடத்தில் உண்டா?

லாகூரில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர் அனிலா கய்யூம் ஆகா, 2014-இல் மிச்சிகனில் ஒரு மரப்பெட்டியைத் தொங்கவிட்டார். பக்கத்துக்கு 6.5 அடி. அல்ஹம்பிரா அரண்மனையின் கோலங்களை லேசரால் வெட்டி, உள்ளே ஒரேயொரு பல்பு வைத்தார். சுவர், தரை, கூரை, பார்க்க வந்தவர்களின் முகம், கை எல்லாவற்றிலும் கோலம் படர்ந்தது. பெட்டி சின்னது, சிற்பம் அந்த அறை முழுவதும்.

காலம் என்றதும் கடிகாரம் வைக்கலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். வேண்டாம். 2011 வெனிஸ் பியனாலே கலைக்காட்சியில் கலைஞர் உர்ஸ் ஃபிஷர், சிற்பி ஜாம்போலோஞ்ஞாவின் புகழ்பெற்ற சலவைக்கல் சிலையை மெழுகில் வார்த்துத் திரி வைத்து ஏற்றினார். அதைப் பார்த்து நிற்கும் ஓர் ஆளும், ஒரு நாற்காலியும்கூட மெழுகுதான். காட்சி நடந்த மாதங்களில் மூன்றும் உருகிச் சரிந்தன. உன் கையில் இருக்கும் செம்புக்கு அவ்வளவுகூட வேண்டாம். கடற்காற்றும் விரல் பட்ட இடமும் அதைத் தானாகக் கறுக்க வைக்கும். லாக்கர் அடித்து மூடிவிடாதே. சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனால் சிற்பி ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களைப் பற்றிக் கேட்டுப் பார்.

சிற்பி பிரான்குசி தன் பாரிஸ் பட்டறையில் சிலைகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருப்பார். ஒன்று விற்றுப்போனால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்று அதன் பிளாஸ்டர் வார்ப்பை வைத்துவிடுவார். ஒரு சிலைக்கும் மறு சிலைக்கும் நடுவில் உள்ள வெளியையும் சிற்பமாகவே அவர் நினைத்தார். தனியாள் அவருக்கே அந்தக் கவலை என்றால், கூட்டாகக் காட்சி வைக்கும் உங்களுக்கு எவ்வளவு வேண்டும்!

திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு எல்லோரும் கூடத்தில் இருங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். உன் நிழல் பக்கத்துச் சுடுமண் சிலையின் முகத்தை மறைத்தால் உன் பீடத்தை நீயே நகர்த்து, அவர் கேட்கும்வரை காத்திராதே. ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பி வைக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அன்று சாப்பாடு வாங்கிக்கொடுங்கள். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் அவர் பெயரையும் சேர்த்துவிடு.

அன்புடன்,
அக்கா