யார் பக்கம் கைதட்டுவது?

அன்புள்ள மருமகனுக்கு,

தென்காசியிலிருந்து மாமா எழுதுவது. பாளையங்கோட்டை விடுதியிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் இன்னும் விடவில்லை. ஐந்தருவியில் கூட்டம் நெரிகிறது. இனி உன் கேள்விக்கு வருவோம்.

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா-இங்கிலாந்து மான்செஸ்டர் டெஸ்டின் கடைசி நாள். லண்டனிலிருந்து சீசனுக்கு வந்திருந்த உன் சித்தி மகன் இங்கிலாந்து பனியனைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தான். கூடத்துப் பிள்ளைகள் அவனைத் 'துரோகி' என்று கூப்பிட்டார்கள், நீயும் சேர்ந்துகொண்டாய். "அவன் பிறந்தது அங்கே, சொந்தபந்தம் இங்கே. அவன் யாருக்கு மாமா கைதட்டணும்?" என்று இப்போது கேட்டிருக்கிறாய். விடுதிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் இது உன் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறதே, அதுவே நல்லது.

இதே கேள்வியை உலகப் பிரசித்தமாக்கியவர் நார்மன் டெபிட் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி. மார்கரெட் தாட்சரின் அமைச்சரவையில் இருந்தவர். 1990 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், பிரிட்டனில் குடியேறிய ஆசியர்களுக்கு 'கிரிக்கெட் சோதனை' வைத்தார். ஆட்டத்தில் அவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், வந்து சேர்ந்த நாட்டோடு ஒட்டிவிட்டார்களா, விட்டு வந்த நாட்டிலேயே மனசு கிடக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. 2025 ஜூலை 7ஆம் தேதி, 94 வயதில் அவர் காலமானார். அதற்கு முந்தின நாள்தான் பர்மிங்ஹாமில் இந்தியா 336 ரன் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது.

டெபிட் இருந்திருந்தால் உன் தம்பிக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். நம் வீட்டுக் கூடம் அவனை ஃபெயில் ஆக்கியது. இங்கேயும் அங்கேயும் வைக்கப்பட்டது ஒரே பரீட்சைதான். விடைத்தாள் திருத்துகிறவர்கள்தான் வேறு.

அந்தப் பரீட்சையில் பிரிட்டனே தேறுமா என்று பார். கால்பந்தில் பிரிட்டன் என்று ஓர் அணி உலகக் கோப்பைக்குப் போனதே கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு அணிகள் தனித்தனியாக ஆடுகின்றன. உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்தது. ஆடியவை ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும்தான். கோல் எதுவும் விழவில்லை. ஃபிஃபா பிறந்ததோ 1904இல். அதற்குள் இந்த நான்கு சங்கங்களும் வேர்விட்டுவிட்டன. ஒலிம்பிக் என்றால் அதே நாட்டுக்கு ஒரே கொடி, ஒரே அணி. ரக்பியில் கதை இன்னும் வேறு: எல்லைக்கோட்டை மறந்து அயர்லாந்துத் தீவு முழுவதற்கும் ஒரே அணி. இந்த ஆண்டு, நீங்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ரக்பி அணிகளின் ஆட்டக்காரர்களும் சேர்ந்த லயன்ஸ் அணி சிவப்புச் சட்டையோடு ஆஸ்திரேலியாவில் ஆடி, தொடரை 2-1 என்று வென்றது. ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சனிக்கிழமை இங்கிலாந்து தோற்கவேண்டும் என்று கத்துவார், அடுத்த மாதம் இங்கிலாந்துக்காரரோடு ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். அவரை அங்கே யாரும் துரோகி என்பதில்லை.

கிரிக்கெட்டுக்கு வா. இங்கிலாந்து அணி என்று நாம் சொல்வது உண்மையில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான அணி. 2019இல் லார்ட்ஸில் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் இயான் மார்கன் டப்ளினில் பிறந்தவர். 2007 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்காக ஆடியவர். அன்றைய ஆட்ட நாயகன் பென் ஸ்டோக்ஸ் பிறந்தது நியூசிலாந்தில், எதிரணியும் நியூசிலாந்துதான். சூப்பர் ஓவர் வீசிய ஜோஃப்ரா ஆர்ச்சர் பார்படோஸ்காரர்.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. நாசர் ஹுசைன் 1968இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஜவாத் ஹுசைன் மெட்ராஸ் அணிக்கு ஆடியவர், அம்மா ஆங்கிலேயர். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அப்பா லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில் கிரிக்கெட் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1999 முதல் 2003 வரை டெஸ்டில் இங்கிலாந்தின் கேப்டன் அந்தப் பையன்தான். 2001இல் அவரே, அங்கே பிறந்து வளர்ந்த ஆசியப் பிள்ளைகள் ஏன் இங்கிலாந்தை ஆதரிப்பதில்லை என்று ஆதங்கப்பட்டார். அது அவருடைய நியாயம். அந்த நாட்டுக்காக ஆடி விரல் ஒடிந்தவர் அவர். ஆனால் பந்தைப் பிடிப்பவரின் கடமையையும் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவரின் பாசத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது மாமாவின் எண்ணம். ஆடுகிறவர் ஒப்புக்கொண்டு சட்டை போடுகிறார். பார்க்கிறவரின் பாசம், அப்பாவோடு விடிகாலையில் ரேடியோ கேட்டதிலிருந்தோ, பிடித்த ஒரு பேட்ஸ்மேனிடமிருந்தோ வருகிறது.

ஆடுகிறவர்களிலேயே இரண்டு சட்டை போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். இஃப்திகார் அலி கான் பட்டோடி 1932இல் இங்கிலாந்துக்காகச் சிட்னியில் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1946இல் அதே இங்கிலாந்துக்கு இந்தியாவின் கேப்டனாக வந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து மகாதேவா சதாசிவம் இன்னும் ஒருபடி மேலே. 1947இல் நம் சேப்பாக்கத்தில் இலங்கைக்காக 215 ரன் அடித்தார். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணியைக் கொழும்பில் சந்தித்த இலங்கை அணிக்குக் கேப்டன். பிறகு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கேப்டன்! மூன்று நாட்டு அணிகளை நடத்திய தமிழர்.

இனி வருவது கொஞ்சம் கனமான விஷயம், நிதானமாகப் படி.

உன் தம்பி படிக்கும் பள்ளியில் ஈழத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. போரில் வீடும் சொந்தமும் இழந்து போனவர்களின் பிள்ளைகள். இலங்கை ஆடும்போது அவர்கள் யாருக்குக் கைதட்டுவார்கள்? ஒரே பதில் கிடையாது. 2013 ஜூன் 20 அன்று கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி ஆடியபோது, புலிக்கொடியோடு தமிழ் இளைஞர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். அந்த ஆண்டு ஐ.பி.எல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று தமிழக அரசு நிலை எடுத்தது; சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் தனஞ்சயவும் சேப்பாக்கத்தில் இறங்க முடியவில்லை. 2018இல், ஃபிஃபாவில் இடமில்லாத மக்களுக்காக கோனிஃபா அமைப்பு லண்டனில் நடத்திய உலகக் கால்பந்துப் போட்டியில் 'தமிழீழம்' என்ற பெயரில் ஓர் அணி ஆடியது. சோமாலியாவின் பராவா, மான் தீவு, வட அமெரிக்காவின் காஸ்கேடியா ஆகியவை அதன் பிரிவில் இருந்தன. நாடில்லாத பிள்ளைகளுக்கு ஒரு சட்டை கிடைத்தது.

அதே சமயம் முத்தையா முரளிதரன் இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம், கண்டியில் பிறந்தவர். 2010 ஜூலையில் காலியில், தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். 1995இல் மெல்பர்னில் நடுவர் அவர் பந்துவீச்சை 'எறிகிறார்' என்று நோ-பால் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே கதை திரும்பியபோது, கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றார். ஒரு தமிழருக்காகச் சிங்களக் கேப்டன் நின்ற நிலை அது. ஆனாலும் 2020இல் முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதி, இங்கே எழுந்த எதிர்ப்பால் விலக நேர்ந்தது. முரளியைக் கொண்டாடுகிறவர் தமிழ்ப் பகைவரும் அல்லர். அவரைக் கொண்டாட மனசு வராத ஈழத்து அம்மா குறுகிய புத்திக்காரியும் அல்லர். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துப் புரிந்துகொள்ள உனக்குத் தெரியவேண்டும்.

கோடுகள் எப்படி மாறும் என்பதைப் பார்க்க நீ லண்டன் போகவேண்டாம், செங்கோட்டை போதும். 1956 அக்டோபர் 31 இரவு அங்கே படுத்தவர்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நவம்பர் 1 காலையில் எழுந்தபோது சென்னை மாநிலத்துக்காரர்கள். தெரு அதே, பேச்சு அதே, பின்னால் அதே மலை. திருவிதாங்கூர் காலத்து வளைவு இன்னும் நிற்கிறது. பிரானூருக்கு இன்றும் 'பார்டர்' என்றுதான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறார்கள். கேரள எல்லையோ புளியரை தாண்டிப் போய்விட்டது. சந்தோஷ் டிராபி கால்பந்தில் கேரளம் ஆடும்போது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கேரளத்துக்குக் கைதட்டினால் அவர் தமிழர் இல்லை என்றாகிவிடுமா?

நாம் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நாள் இருக்கிறது: 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட். அந்த மாதம்தான் பாகிஸ்தான் வரக்கூடாது என்று டெல்லி மைதானத்தின் பிட்ச்சைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் 82க்குப் போய்விட்டது. சச்சின் முதுகுவலியோடு நின்று, மோங்கியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு 136 வரை இழுத்தார். இன்னும் 17 ரன்தான். சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடிக்கப்போய், வாசிம் அக்ரமிடம் கேட்ச். அடுத்த நான்கு ரன்னுக்குள் மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி.

மைதானம் கொஞ்ச நேரம் வாயடைத்துப்போனது. பிறகு எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் எழுந்து நின்றது. கைதட்டியவர்களில் இந்தியா ஜெயிக்கவேண்டும் என்று வேண்டாதவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார். அடுத்த மாதமே கொல்கத்தாவில் இதே இரு அணிகள் ஆடியபோது கலவரமாகி, கடைசியில் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள்.

இங்கிலாந்தில் நடந்த இந்தத் தொடரிலும் நீ பார்த்தாயே. மான்செஸ்டரில் கால் எலும்பு முறிந்த ரிஷப் பந்த் நொண்டிக்கொண்டே மட்டையோடு இறங்கியபோது இங்கிலாந்துக் கூட்டம் எழுந்து நின்றது. ஆகஸ்ட் 4 அன்று ஓவலில், ஒரு கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு கிறிஸ் வோக்ஸ் இறங்கியபோதும் அப்படித்தான். இந்தியா ஆறு ரன்னில் ஜெயித்தது, தொடர் 2-2.

டெபிட் வைத்த இந்தப் பரீட்சை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் கறுப்பினத்தவர். அதுவரை 'நம்ம பசங்க'. அந்த இரவே நிறத்தைச் சொல்லி வசை. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றபோது, பதினோரு பேரில் முகமது ஷமியை மட்டும் பிரித்தெடுத்துத் திட்டினார்கள். கேப்டன் கோலி பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் பிள்ளைகள் உன் விடுதியிலும் இருப்பார்கள். பாகிஸ்தான் ஆட்டத்தன்று அவர்களில் ஒருவனிடம் "நீ யார் பக்கம்டே?" என்று சிரித்துக்கொண்டே யாராவது கேட்பான். மற்ற எவனிடமும் அந்தக் கேள்வி போகாது. அப்போது நீ சும்மா இருக்காதே. "அவன்கிட்ட மட்டும் ஏன்டே கேக்க?" என்று எழுந்து கேள். சண்டை வந்தால் வார்டனிடம் மாமா பேசிக்கொள்கிறேன்.

உன் தம்பிக்கு நீயே போன் போட்டுப் பேசு. வாஷிங்டன் சுந்தரின் சதத்துக்கு அன்றைக்கு அவனும் கைதட்டினான், நீ கவனிக்கவில்லை.

அன்புடன்,
மாமா
தென்காசி