அறுந்த நரம்பும் காக்கும் புரதங்களும்

நுழையும்முன்
அறுந்த வலையை முடிச்சிட்டு மீட்கும் கைகளைத் தங்கச்சிமடத்துக் கடற்கரையில் நாளும் காணலாம். அக்கையின் நரம்பே அறுந்தால் அதனைச் சீர்செய்வது யார்? உடலினுள் நிகழும் அப்பணியை இப்பாடம் விளக்குகிறது.

கத்தி, தூண்டில் முள், இழுபடும் கயிறு ஆகியவற்றோடு பழகுவது மீனவர் கை. ஆழ்ந்த வெட்டு மணிக்கட்டு நரம்பைத் துண்டித்தால் விரல்கள் உணர்விழக்கும்; பிடி தளரும். எனினும், கை கால்களில் ஓடும் புற நரம்புகள் மீள வளரும் ஆற்றல் பெற்றவை.

துண்டிக்கப்பட்ட நரம்பிழையின் அப்பாலுள்ள பகுதி சிதைவதை, 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை ஆராய்ந்து அகஸ்டஸ் வாலர் விளக்கினார். ஷ்வான் செல்கள் சிதைவுகளை அகற்றிப் புதிய இழைக்கு வழி அமைக்கின்றன. அப்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. அளவோடு இருப்பின் அவை சீரமைப்பைத் தூண்டும். மிகுந்தால் செல்களையே சிதைக்கும்.

அவ்வளவைக் காப்பவை ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் புரதங்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். ஒன்று தொடங்கியதை மற்றொன்று முடிக்கிறது.

புதிய இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்டிமீட்டர் எனில், அதனை எட்ட ஆறு மாதமாகும். நெடுங்காலம் நரம்புத் தொடர்பிழந்த தசையோ மெலிந்து மீளாநிலை எய்தும். புரதங்கள் காவல் காக்குமேயன்றி, விலகிய முனைகளை இணைப்பதில்லை. அதற்கு அறுவை மருத்துவம் தேவை. ஆதலின், வெட்டுக்குப்பின் விரல் மரத்துப்போனால், குருதி நின்றதே எனக் காலம் தாழ்த்தாது உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.