வானம் பார்ப்போம், கருவாடு காப்போம்



தை மாதம் நாகப்பட்டினம் கடற்கரைக் குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கருவாடு போடும் அக்கா ஒருவர் தவணை கட்ட முடியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "மழையே பெய்யலம்மா. வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதை நம்பி அரைக் காய்ச்சல் கருவாட்டை ராத்திரி மணல்லயே விட்டுட்டேன். காலையில பார்த்தா எல்லாம் நனைஞ்சு கிடக்கு. ரெண்டே நாள்ல புழு வெச்சிடுச்சு" என்றார். குழுவில் வாங்கிய 5,000 ரூபாய் கடனில் வாங்கிய மீன் அது.

மழை இல்லாமல் கருவாடு எப்படி நனைந்தது? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. தெளிந்த வானம், நனையும் தரை

பகலில் சூடான தரை, இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் போர்வை போல மூடி, சூட்டைப் பிடித்து வைக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் குளிர்ந்த பொருள் மேல் பட்டு நீர்த்துளி ஆகிறது. அதுதான் பனி. உப்புப் போட்ட கருவாடு ஈரத்தை இன்னும் இழுக்கும். ஆகவே நட்சத்திரம் நிறையத் தெரிகிற, காற்று அசையாத இரவுதான் கருவாட்டுக்கு ஆபத்து. பொழுது சாயும் முன்பே அள்ளி, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு விரியுங்கள்.

2. நிலாவும் கடல் ஏற்றமும்

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. அதனால் அந்த நாட்களை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. ஏற்றம் உள்ள நாட்களில் மீனைச் சற்று மேடாகப் பார்த்துக் காயப் போடுங்கள்.

நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். வளர்பிறையின் முதல் பத்து நாள் விடியற்காலையில் நிலா இருக்காது. அப்போது ஏலத்துக்குப் போகிறவர்கள் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு, துணையோடு போங்கள்.

3. நிலாவைச் சுற்றி வட்டம்

"அகல் வட்டம் பகல் மழை" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மிக உயரத்தில் உள்ள மெல்லிய மேகத்தில் ஐஸ் துகள்கள் இருக்கும். நிலா வெளிச்சம் அதில் பட்டுத்தான் வட்டம் தெரிகிறது. மழை மேகத்துக்கு முன்னால் இந்த மேகம் வருவதும் உண்டு. ஆனால் வட்டம் கட்டினால் மழை நிச்சயம் என்று சொல்ல முடியாது. அன்று நிறைய மீன் வாங்கிப் போடாமல் இருப்பது நல்லது.

4. புயலுக்குக் கண் மட்டும் போதாது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சில நாட்களுக்கு முன்பே வங்கக் கடலில் உருவான புயல் அது. அவ்வளவு தூரத்தில் இருப்பதை நம்ம ஊர் வானத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனவே வானொலி, டிவி செய்தியில் வானிலை அறிக்கையைத் தினமும் கேளுங்கள். துறைமுகத்தில் 1, 2ஆம் எண் கூண்டு ஏற்றினால் புயல் சின்னம் தொலைவில் உள்ளது என்று பொருள். 8, 9, 10 ஏற்றினால் பெரிய அபாயம். "இங்கே வெயில் அடிக்குதே" என்று இருந்துவிடாதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

குழுவில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் போட்டு, தினமும் மாலை நாலு விஷயம் எழுதுங்கள்: மேகம் உண்டா, காற்று எந்தத் திசை, நிலா எப்படி, வானிலை அறிக்கை என்ன சொன்னது. எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதலாம். அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: எத்தனை நாள் கருவாடு நனைந்தது? முந்தின இரவு வானம் எப்படி இருந்தது?

அந்த அக்காவுக்குக் குழு தவணையை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தது. பொது நிதியிலிருந்து தார்ப்பாயும் வாங்கினார்கள். இப்போது நோட்டு எழுதுவது அவர் மகள்தான்.