பள்ளி மூடியிருக்கும்போது வீட்டுக்குச் செய்தி வந்து சேருவது எப்படி?

கேள்வி: எங்கள் மூத்தவனை 2020இல் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். கொரோனாவால் பள்ளி திறக்கவில்லை. எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. வீட்டில் இருந்த ஒரே டச் போனை அவன் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். என்னிடம் பட்டன் போன்தான். இரவு அவர் வந்த பிறகு பார்த்தால் செய்திகள் குவிந்து கிடக்கும். சத்துணவு அரிசி, பருப்பு வாங்கும் நாள் ஒருமுறை தவறியே போனது. ‘பள்ளி திறந்தாச்சு’ என்று நடுநடுவே வதந்தி வேறு. இப்போது சின்னவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். இன்னொரு தொற்றுக் காலம் வந்தால் செய்தி தவறாமல் வர, பள்ளியிடம் என்ன கேட்டு வைக்க வேண்டும்? மூத்தவன் இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். நான் சரியாகக் கவனிக்காததுதான் காரணமா?

– ஒரு வாசகி, மணவூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை சகோதரி, நீங்கள் காரணம் இல்லை. 2020 மார்ச் நடுவில் மூடிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த உங்கள் மகன், வகுப்பறையில் முதல்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு. 2022 ஜனவரியில் ஒமைக்ரானால் மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். ‘அ’னா, ‘ஆ’வன்னாவை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டிய காலம் முழுவதும் அவனுக்குக் கைநழுவிப் போய்விட்டது. கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ஏசர் கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேருக்கும் குறைவு. மாநிலம் முழுவதும் நேர்ந்த இழப்பை ஒரு தாய் தன் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடங்கியது. இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு, வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் கற்பிக்க வேண்டும். மகனின் ஆசிரியரிடம் ‘இவன் எந்த நிலையில் இருக்கிறான்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். பள்ளி நூலகத்தில் சிறு கதைப் புத்தகம் வாங்கி, தினமும் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தங்கைக்குப் படித்துக் காட்டச் சொன்னால் அவனுக்குக் கூச்சமும் இருக்காது.

இனி, செய்தி பற்றி.

மேல்வகுப்புப் பிள்ளைகள் தாங்களே விசாரித்துக்கொள்வார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அது முடியாது. பள்ளி மூடியிருக்கும்போது வீட்டுக்கு வரும் செய்திதான் அந்தக் குழந்தைக்குப் பாடம், சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் மதிய உணவு 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை. பள்ளிகள் மூடப்பட்டதும் குழந்தைகளின் உணவு என்ன ஆகும் என்று உச்ச நீதிமன்றமே 2020 மார்ச்சில் தானாக முன்வந்து மாநிலங்களைக் கேட்டது. அரிசி தரும் நாள் உங்களுக்குத் தெரியாமல் போனால், அந்த உரிமையே கைக்கு வராமல் போகிறது. அதனால் செய்தி அனுப்புவதோடு பள்ளியின் வேலை முடியாது. அது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுவரை பள்ளியின் பொறுப்புதான்.

இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கு விஷயங்களை இப்போதே கேட்டு வையுங்கள்.

முதலாவது, ஒரு பட்டியல். ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலும் பகலில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் இருப்பது எந்த போன், அவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருமா, வீட்டில் தமிழா தெலுங்கா என்று வகுப்பாசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சேர்க்கையின்போது கொடுத்த அப்பாவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கதைதான் எல்லா வீட்டிலும் நடக்கும். நம் திருத்தணிப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இரண்டு மொழியிலும் குரல் பதிவு அனுப்பலாம்.

இரண்டாவது, மூன்று வழி. வாட்ஸ்அப் ஒன்று. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு நேரடி அழைப்பு ஒன்று. பத்து வீட்டுக்கு ஒரு பெற்றோர் பொறுப்பேற்றால் அரை மணி நேர வேலை. எழுதி ஒட்டுவது ஒன்று: பள்ளி வாசல், ரேஷன் கடை, அங்கன்வாடி, நூறு நாள் வேலை நடக்கும் இடம். கோயில் மைக்செட்டையும் கேட்டு வாங்கலாம். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில் 2020இல் ஒரு தலைமையாசிரியர் ஊரெங்கும் ஒலிபெருக்கி கட்டிப் பாடமே நடத்தினார்; அறிவிப்பு சொல்ல நம்மால் முடியாதா?

மூன்றாவது, செய்தி எழுதும் முறை. எந்த மாநிலம், எந்த வகுப்பு, எந்த நாள் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். எல்லையோர ஊர்களில் இது மிக முக்கியம். ஆந்திரத்தில் 2021 ஆகஸ்ட் 16 அன்று பள்ளிகள் திறந்தன. அங்கே நகரியிலும் புத்தூரிலும் உறவு உள்ளவர்களுக்கு ‘பள்ளி திறந்தாச்சு’ என்று போன் வந்திருந்தால் அது பொய்யில்லை. ஆனால் நமக்குப் பொருந்தாத உண்மை. செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் திறந்ததும் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்குத்தான். இப்படி ஒரு செய்தி வந்தால் குழப்பமே வராது:

‘தமிழ்நாடு, 3ஆம் வகுப்புக்கு மட்டும். புதன்கிழமை காலை 10 முதல் 12 வரை பள்ளியில் அரிசி, பருப்பு தரப்படும். பெற்றோரில் ஒருவர் பையோடு, முகக்கவசம் அணிந்து வந்தால் போதும். குழந்தை வர வேண்டாம். அன்று முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் வரலாம். விவரம் கேட்க வகுப்பாசிரியரை மாலை 6 முதல் 7 வரை அழைக்கலாம்.’

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தவறவிட்டவருக்கு இன்னொரு நாள் இருக்கிறது; கேட்க ஓர் ஆளும் இருக்கிறார். கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்பதையும் இதே போல ஒரே தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டத் தரலாம். வணக்கப் படங்களும் பார்வர்டு செய்திகளும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது. ஆசிரியர் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டால் அவசியமான செய்தி அடியில் போய்ப் புதையாது.

நான்காவது, நோய் பற்றிய செய்தியில் கண்ணியம். ‘2ஆம் வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தொற்று, மற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இருமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்’ என்பது போதும். பெயரோ தெருவோ வேண்டாம். பெயர் வெளியே வந்தால் அந்தக் குடும்பத்தை ஊர் ஒதுக்கும். அடுத்த குடும்பம் காய்ச்சலை மறைக்கும். மறைத்தால் தொற்று இன்னும் பரவும்.

உங்கள் பங்கும் இருக்கிறது. எண் மாறினால் அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். திறப்பு, விடுமுறை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் வகுப்பாசிரியரிடம் உறுதி செய்யுங்கள். அவர் கிடைக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. உடல்நலச் சந்தேகத்துக்கு 104.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். போன் இல்லாத வீட்டின் நிலைமை உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நோய் வந்த பிறகு எண்களைத் தேடி அலைய நேரம் இருக்காது. பள்ளி திறந்திருக்கும் இந்த நாட்களிலேயே அந்தப் பட்டியலைத் தயார் செய்துவிடுங்கள்.