வழுவும் வழுநீக்கமும்

தமிழிலக்கணங் கற்றோர் ‘வழு’ என்னுஞ் சொல்லை நன்கறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழினும் மயக்கம் நேரின் அது வழுவாமென நன்னூல் வகுத்துரைக்கின்றது. அச்சொல்லே இன்று கணினித் துறையிலும் வழங்குகின்றது. செய்நிரலில் நேரும் பிழையை வழுவென்றும், அதனைத் தேடிக் களைதலை வழுநீக்கமென்றும் கூறுவர். இச்சொல் இருதுறைக்கும் பொருந்துமாற்றைத் தமிழாசிரியனாகிய யான் சென்ற ஆண்டில் என் மாணாக்கரிடமிருந்தே கற்றேன். அதனை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

கல்லூரித் தோட்டத்து மிளகாய்ப் பாத்திகளின் ஈரத்தை அளந்து, நீர் இறைக்க வேண்டிய வேளையைக் கம்பியின்றி அறிவிக்குங் கருவியொன்றை உயர்வகுப்பு மாணவர் மூவர் அமைக்கத் தொடங்கினர். தோட்டம் என் பொறுப்பிலிருந்தமையால் அம்முயற்சிக்கும் யானே பொறுப்பாசிரியனானேன். அவர்கள் கையாண்டது ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லினைத் தாங்கிய நுண்கட்டுப்படுத்திப் பலகை. அச்சில்லைச் சீனத்துச் சங்காய் நகரிலுள்ள எஸ்பிரசிவ் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பலகை இருவிரல் அகலமும் ஒருவிரல் நீளமுமே உடையது. எனினும், அதனுள் அமைந்த சில்லு செக்கனுக்கு 24 கோடித் துடிப்பு வரை இயங்க வல்லது. 520 கிலோபைற்று நினைவகமும், வைபை, புளூடூத் என்னும் இருவகைக் கம்பியில்லாத் தொடர்பும் உடையது. அதற்கு வேண்டும் மின்னழுத்தம் 3.3 வோல்ற்று மட்டுமே.

இதற்குரிய செய்நிரலைக் கணினியில் எழுதுவர். தொகுப்பி என்னும் மென்பொருள் அதனை இயந்திர மொழிக்கு மாற்றும். பின்னர் யூ.எஸ்.பி. கம்பி வழியாகப் பலகையில் ஏற்றுவர். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் அது பதிந்து நின்று, மின்சாரம் வந்ததும் தானே இயங்கத் தொடங்கும். ஆதலின் அதனை நிலைப்பொருள் என்பர். பலகைக்குத் திரையில்லை. எனவே, “இவ்விடத்துக்கு வந்தேன், இவ்வளவு கண்டேன்” என அறிவிக்கும் வரிகளைச் செய்நிரலின் இடையிடையே அமைத்து, அவ்வறிவித்தல்களைக் கணினித் திரையிற் படிப்பர். பலகை செக்கனுக்கு 1,15,200 பிற்று வேகத்தில் அனுப்பினால், கணினியும் அதே வேகத்திற் கேட்டல் வேண்டும். வேகம் மாறுபடின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

நிலைப்பொருளில் நேரும் வழுக்கள் பெரும்பாலும் மூவகையின. முதலாவது, எழுத்துப்பிழை போல்வது. தொகுப்பியே அதனைக் கண்டு காட்டிவிடும். இரண்டாவது, இயங்குங்கால் நேர்வது. பலகை திடுமென நின்று மீண்டுந் தொடங்கும். நிற்குமுன் எவ்விடத்தில் இடறிற்றென்னுஞ் சுவட்டைப் பெரும்பாலும் திரையில் விட்டுச்செல்லும். மூன்றாவதே கொடியது. கருவி ஓடும்; ஆனால் பிழைபட ஓடும். காலவழு இதற்கு நல்ல சான்று. பலகை தொடங்கியது முதற் கழிந்த மில்லிசெக்கனை எண்ணும் 32 பிற்று எண்ணி, ஏறத்தாழ 49 நாளும் 17 மணித்தியாலமுங் கழிந்ததும் சுழியத்துக்குத் திரும்பும். அதனை எண்ணிப்பாராது எழுதிய செய்நிரல் ஏழு வாரம் ஒழுங்காக ஓடி, எட்டாம் வாரத்திற் பிழைக்கும்.

எம் மாணவர்க்கு நேர்ந்ததும் இம்மூன்றாம் வகையே. மண்ணில் ஊன்றிய உணரியிலிருந்து 0 முதல் 4095 வரையான எண்ணொன்று கிடைத்தல் வேண்டும். உணரியை மட்டும் சோதித்தபோது, மண் நனையவும் உலரவும் எண் முறையே மாறியது. கம்பியில்லாத் தொடர்பை மட்டும் சோதித்தபோது, அதுவும் செவ்வனே இயங்கியது. இரண்டையும் ஒரே செய்நிரலிற் சேர்த்ததும், நீரை ஊற்றினாலும் எண் அசையாது நின்றது. யான் சிறிதும் ஆராயாது, “உணரி பழுதாகிவிட்டது, வேறொன்று வாங்குங்கள்” என்றேன். அவர்கள் தம் சிற்றுண்டிப் பணத்தைச் சேர்த்துப் புதியதொன்று வாங்கி வந்தனர். அதுவும் அவ்வாறே நின்றது.

அப்போது ஒரு மாணவன், “ஐயா, பழுது உணரியில்தான் என்பதை நாம் எப்படி அறிந்தோம்?” என்று பணிவுடன் வினவினான். என்னிடம் விடையில்லை. யான் அறிந்து கூறவில்லை, ஊகித்தே கூறினேன்.

அதன்பின் குறிப்பேடொன்று திறந்தோம். ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றுமுன் நிலையையும் மாற்றியபின் நிலையையும் எழுதுவது என முடிவு செய்தோம். தொடர்புக்குரிய வரிகளை நீக்கினோம், எண் அசைந்தது. மீண்டுஞ் சேர்த்தோம்; எண் நின்றது. பழைய உணரியை மாட்டியும் அவ்வாறே செய்தோம், விளைவு மாறவில்லை. ஆகவே, உணரிகள் இரண்டும் நல்லனவே. பின்னர் உற்பத்தியாளர் வெளியிட்ட கைநூலைப் படித்தோம். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் அச்சில்லில் இரண்டுள. அவற்றுள் இரண்டாவதை வைபையும் பயன்படுத்துகின்றது. ஆதலின் வைபை இயங்கும் வேளையில், அப்பகுதியைச் சேர்ந்த முனைகளில் அளவெடுப்பதை நம்புதல் கூடாது. எம் உணரி மாட்டப்பட்டிருந்த 26 ஆம் முனை அவற்றுள் ஒன்று. கம்பியை முதற் பகுதியைச் சேர்ந்த 34 ஆம் முனைக்கு மாற்றி, செய்நிரலிலும் அவ்வெண்ணைத் திருத்தினோம். கருவி இயங்கியது.

இதனைக் கண்டபோது எனக்குப் புணர்ச்சியிலக்கணமே நினைவுக்கு வந்தது. ‘மரம்’ என்பதும் ‘வேர்’ என்பதும் தனித்தனியே வழுவற்ற சொற்கள். சேருங்கால் மகரங் கெட்டு ‘மரவேர்’ என நிற்றல் வேண்டும். அவ்விதியறியாதான் நிலைமொழியையும் வருமொழியையும் தனித்தனியே எத்துணைமுறை சோதித்தாலும் பிழையைக் காணமாட்டான். வழு உறுப்புகளில் இல்லை. அவை கூடுமிடத்தில் உள்ளது. கூடுமிடத்தை ஆராய்வதற்குப் பிரித்தும் சேர்த்தும் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

இரண்டாவது உணரியின் விலையை மாணவர்க்குத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் முதலில் மறுத்தனர். பிழை என்னுடையதாதலின் கட்டாயப்படுத்தியே கொடுத்தேன். அந்த உணரி இப்போது அடுத்த பாத்தியில் நிற்கின்றது. ஆயின் அதனிலும் பெரிய கடனொன்றை யான் உணர்ந்தேன். இருபதாண்டு காலமாக மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையாற் கோடிட்டு வந்துள்ளேன். பிழை எதுவெனக் காட்டினேன். அஃது எங்கிருந்து தோன்றிற்றென எத்தனை பேரிடம் வினவினேன்? இப்போது கோடிடுமுன், “இதனை எவ்வாறு எண்ணி எழுதினாய்?” என்று கேட்கின்றேன். மாணவன் தன் எண்ணத்தைச் சொல்லிவரும்போதே பெரும்பாலும் தன் வழுவைத் தானே கண்டுகொள்கின்றான்.

மாணவர்களே, இயந்திரம் நீங்கள் கருதியதைச் செய்யாது, கூறியதையே செய்யும். ஆதலின் அது பிழைக்கும்போது சினவாதீர். கண்டதை எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கைநூலைப் பொறுமையுடன் படியுங்கள். ஆசிரியர் கூற்றாயினும், சான்று எதுவெனப் பணிவுடன் வினவுங்கள். அவ்வாறு வினவிய மாணவனாலேயே எம் பாத்தி இன்று வேளை தவறாது நீர் பெறுகின்றது.